30 வருஷமாகக் குத்தகைக்குப் பயிர் செய்யும் நிலத்தை விற்கப்போகிறேன், காலி செய் என்கிறார் உரிமையாளர். எங்கள் அப்பாவை வெளியேற்ற முடியுமா?

முதலில் உங்கள் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: கடைசியாக அளந்த குத்தகை நெல்லுக்கு ரசீது இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. எங்கள் வீட்டிலும் இல்லை.

நான் வக்கீல் இல்லை. அப்பாவோடு கோர்ட்டு வாசலில் நின்று தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். தமிழ்நாட்டின் 1955-ஆம் வருஷத்து சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, நிலத்தை விற்பது வெளியேற்றக் காரணமே ஆகாது. வாங்குகிறவர் குத்தகைதாரரோடு சேர்த்துத்தான் வாங்குகிறார். வெளியேற்ற வேண்டுமானால் குத்தகைதாரர் குத்தகை பாக்கி வைத்திருக்க வேண்டும், நிலத்தைப் பாழாக்கியிருக்க வேண்டும், விவசாயம் அல்லாத வேலைக்குப் பயன்படுத்தியிருக்க வேண்டும், அல்லது நிலம் உரிமையாளருடையதே இல்லை என்று வேண்டுமென்றே மறுத்திருக்க வேண்டும். அப்போதும் உரிமையாளர் ரெவின்யூ கோர்ட்டில் மனுப் போட்டு உத்தரவு வாங்கித்தான் வரவேண்டும். திடீரென்று டிராக்டரை இறக்கி உழுதுவிட முடியாது.

ஆனால் அந்தப் பாக்கியில்தான் எங்களை மாட்டிவிட்டார்கள்.

எங்களுக்குத் திருவாரூர் மாவட்டம். 9 மா, அதாவது 3 ஏக்கர், தாத்தா காலத்துக் குத்தகை. மாவுக்கு 2 மூட்டை என்று பேச்சு. 15 வருஷம் முன்னால் ஒரு சம்பா அறுவடையில் அப்பா 18 மூட்டையைத் தைத்துக் களத்தில் அடுக்கிவிட்டு ஆள் அனுப்பினார். நிலக்காரர் வரவில்லை. "மழையில அடிபட்டிருக்கான், இந்த வருஷம் இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மனுஷன்னா இவருதான்" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அடுத்த வருஷமும் அதே பதில். மூன்றாம் வருஷம் நாற்று விடுகிற நேரத்தில் நோட்டீஸ் வந்தது. 36 மூட்டை பாக்கியாம், வெளியேற வேண்டுமாம்.

நிலக்காரர் வாங்காவிட்டால் நெல்லின் அன்றைய விலையைக் கோர்ட்டில் அவர் கணக்கில் கட்டிவிடலாம். அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

விசாரணையில் அவர்கள் வக்கீல், "வயலில் நீங்களா இறங்குகிறீர்கள்? ஆள் வைத்துத்தானே செய்கிறீர்கள்?" என்று கேட்டார். குத்தகைதாரரோ அவர் குடும்பத்தாரோ உடம்பால் உழைத்தால்தான் இந்தச் சட்டம் காக்கும், அதற்காக. அப்பா ஒன்றும் பேசாமல் செருப்பைக் கழற்றி, விரலிடுக்கில் வெள்ளையாக ஊறிக்கிடந்த சேற்றுப்புண்ணைக் காட்டினார். அதிகாரி மேசைக்கு மேலே எழும்பி எட்டிப் பார்த்தார்.

கடைசியில் பாக்கியைக் கட்ட அவகாசம் கொடுத்தார்கள். கறவை மாடு இரண்டையும் விற்றுக் கட்டினோம், மனு தள்ளுபடி ஆனது. 'அந்த 36 மூட்டை எங்கே போனது?' என்று நீங்கள் கேட்கலாம். இருக்கட்டும் என்றாரே என்ற தைரியத்தில் விற்று அக்கா கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டோம். அது எங்கள் தப்புதான், மறுக்கவில்லை.

'குத்தகைக்காரன் நிலத்தையே அமுக்கிவிடுகிறான்' என்று இதற்குக் கீழே சிலர் வருவார்கள். நெல்லும் அளக்காமல், உள்குத்தகை விட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு ஏக்கரை நம்பியிருக்கும் வயதான அம்மாவுக்கு அப்படிச் செய்பவனுக்காக நான் பேசவில்லை. ஆனால் வரப்பை மிதித்தே பல வருஷம் ஆனவருக்குத்தானே எல்லாம் போகிறது? மத்திய அரசு வருஷத்துக்குக் கொடுக்கிற பிஎம் கிசான் 6,000 ரூபாய்கூட நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். விதை, உரம், களையெடுக்கிற கூலி எங்கள் தலையில். வெள்ளத்தில் அழுகிய பயிரைக் கணக்கெடுக்க வந்தவரும் பயிரைப் பார்ப்பதற்கு முன்னால் பட்டாவைக் கேட்டார். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், வயிற்றெரிச்சல்.

சரி, உங்கள் விஷயம். 1969-ஆம் வருஷத்து குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி அப்பா பேர் ஏறியிருக்கிறதா என்று தாலுகா ஆபீசில் பாருங்கள். இல்லையென்றால் தாசில்தாரிடம் மனுக் கொடுங்கள். இந்த வருஷக் குத்தகையை ரசீது இல்லாமல் அளக்காதீர்கள். யாராவது பத்திரத்தாளோடு வந்து 'சும்மா ஒரு கையெழுத்துதான்' என்றால், அப்பா ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.