எட்டு நிறத்துக்குள் ஒரு விடியல்

கேள்வி (உப்புவெளி வாசகி): திருகோணமலை டச்பே கடற்கரையிலிருந்து தெரியும் கோணேசர் மலையின் விடியலை 160×144 பிக்சலில், எட்டே நிறத்தில் கிம்ப் மென்பொருளில் வரைந்தேன். வானம் படிக்கட்டு மாதிரி நிற்கிறது. மலை கடலோடு கரைந்துபோகிறது. சேமித்த பிறகு எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான நிறங்கள். எங்கே பிழை?

பதில்: நிறங்கள் பெருகியதை முதலில் முடித்துவிடுவோம். பெயின்ட்பிரஷின் விளிம்பு மென்மையானது, ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் இடைநிறங்களை விட்டுச்செல்லும். பென்சில் கருவிக்கு மாறுங்கள். படக்கோப்பை ஜேபெக் வடிவில் சேமித்தாலும் நிறம் பெருகும், இதற்கு பிஎன்ஜி வடிவமே சரி. வரையத் தொடங்கும்போதே இமேஜ், மோட், இன்டெக்ஸ்ட் என்று போய் உங்கள் பலெட்டை (எட்டு நிறங்களின் பட்டியலை) கொடுத்துவிட்டால் ஒன்பதாவது நிறம் உள்ளே வரவே முடியாது. அந்தப் பெட்டியில் பயன்படாத நிறங்களை நீக்கும் தெரிவின் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையேல் இன்னும் தொடாத நிறங்கள் பலெட்டிலிருந்தே போய்விடும். பெரிதாக்குவது முழு எண் மடங்கில்தான்: 6 மடங்கென்றால் 960×864, இன்டர்பொலேஷன் (இடைநிறம் நிரப்புவது) ‘நன்’ (None). வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் ஜேபெக் ஆகிவிடும், டொகியுமென்டாக அனுப்புங்கள்.

மலை கரைவதுதான் பெரிய விஷயம். கடலுக்கு ஒரு நீலம், மலைக்கு ஒரு மண்ணிறம் என்று பொருளுக்கொரு நிறம் பிரித்திருப்பீர்கள். சாயல் வேறாக இருந்தாலும் வெளிச்சம் ஒன்றானால் கண்ணுக்கு உருவம் பிரியாது. ஆகவே முதலில் வெளிச்சத்தில் ஏணி கட்டுங்கள். சிவப்பு 0.3, பச்சை 0.59, நீலம் 0.11 என்று பெருக்கிக் கூட்டினால் ஒரு நிறத்தின் வெளிச்சம் கிட்டத்தட்டக் கிடைக்கும்.

விடியலுக்கு இப்படித் தொடங்கலாம் (அடைப்புக்குள் வரிசையாகச் சிவப்பு, பச்சை, நீலம், 0 முதல் 255 வரை). கருநீலம் (20,18,40) வெளிச்சம் 21. ஊதாக் கருமை (50,45,80) 50. ஊதா (85,70,110) 79. மங்கிய ரோஜா (140,85,110) 104. செம்மை (200,105,95) 132. செம்மஞ்சள் (240,165,95) 180. வெளிர்மஞ்சள் (250,215,150) 218. எட்டாவது கடலுக்கான பச்சைநீலம் (80,130,140), அது 116. மலைக்கு முதலிரண்டு போதும், ஏனெனில் சூரியன் அதன் பின்னால். அதே ஊதாக் கருமை அலையின் நிழலுக்கும் வரட்டும், செம்மஞ்சள் வானத்திலும் நீரின் மினுக்கத்திலும் வரட்டும். நிறங்களைப் பகிர்ந்தால்தான் படம் ஒரே வெளிச்சத்தில் நிற்கும்.

வானத்தின் படிக்கட்டுக்குக் காரணம் பட்டைகள் ஒரே உயரத்தில் இருப்பது. மேலே அகலமாக, அடிவானத்தை நெருங்க நெருங்க ஒடுக்கமாக வையுங்கள். இரண்டு பட்டை சேருமிடத்தில் 4 முதல் 6 வரிசைக்கு டிதரிங் (ஒரு நிறத்தின் நடுவே மற்றதைப் புள்ளிகளாகத் தூவுவது) போடுங்கள்: முதலில் நாலுக்கொரு புள்ளி, நடுவில் சதுரங்கப் பலகை போல ஒன்றுவிட்டொன்று, பிறகு நாலுக்கு மூன்று. வெளிச்சம் நெருங்கிய நிறங்கள்தான் கலந்து தெரியும். 104உம் 132உம் கலக்கும், 50உம் 218உம் வெறும் புள்ளியாய்க் கண்ணைக் குத்தும். கோபுரத்திலும் தோணிகளிலும் டிதரிங் வேண்டவே வேண்டாம், சின்ன உருவம் சிதைந்துவிடும்.

கேள்வி (நிலாவெளி வாசகர்): பிரெட்ரிக் கோட்டை மான் ஒன்றைக் கேம்பாய் என்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவியின் விதிப்படி நாலு சாயலில் வரைகிறேன். மான் தரையோடு மறைகிறது. ஏன்?

பதில்: 1989இல் வந்த அந்தக் கருவியில் அசையும் உருவத்துக்கு நாலில் ஒன்று ஒளிபுகும் இடமாகப் போய்விடும், மிஞ்சுவது மூன்றே. தரைக்கு வெளிறிய இரண்டு சாயல்களை மட்டும் கொடுங்கள். மானின் வெளிக்கோட்டுக்குக் கடும் சாயல், உடலுக்கு அடுத்தது, புள்ளிகளுக்கும் வயிற்றுக்கும் மிக வெளிறியது. 16×16 மானுக்கு 8×16 துண்டு இரண்டு வேண்டும். ஒரு கிடைவரியில் பத்துத் துண்டுக்கு மேல் காட்டாது என்பதால் ஐந்து மான்களுக்கு மேல் ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள், ஆறாவது காணாமல் போகும்.