கலரா, கருப்பு வெள்ளையா? மணல், இலை, தண்ணீர் பற்றிச் சில கேள்விகள்

அரூபப் புகைப்படம், அதாவது பொருளை விட்டுக் கோடு, வடிவம், நிறத்தை மட்டும் காட்டுகிற, நாம் அப்ஸ்ட்ராக்ட் என்று சொல்கிறோமே, அது பற்றி வந்த கேள்விகளில் முக்கால்வாசி கடைசியில் ‘இதைக் கலரிலேயே வைக்கவா, கருப்பு வெள்ளை ஆக்கவா’ என்றுதான் முடிகின்றன. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரியில் செம்மணல் வரிகளை எடுத்தேன். கலரில் அள்ளுகிறது, கருப்பு வெள்ளை ஆக்கினால் ஒரே சாம்பல். எங்கே தப்பு?

எடுத்த நேரத்தில்தான் தப்பு. உச்சி வெயிலில் எடுத்திருக்கிறீர்கள். சூரியன் தலைக்கு மேல் இருந்தால் காற்று போட்ட வரிகளுக்கு நிழலே விழாது; மணலில் இருக்கும் இரும்பு ஆக்ஸைடின் சிவப்புதான் உங்கள் படத்தை மொத்தமாகத் தூக்கி நிறுத்தியிருக்கிறது, அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? விடிந்து அரை மணி நேரத்துக்குள் போய், வெயில் பக்கவாட்டில் விழுகிற மாதிரி நின்று எடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல் என்று தானாகப் பிரிந்து நிற்கும். அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் 1936-ல் கலிபோர்னியாவின் ஓஷியானோ மணல்மேடுகளில் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களைப் பாருங்கள், நிழல்தான் அங்கே எல்லா வேலையும் செய்கிறது.

இன்னொரு விஷயம். உங்கள் இரண்டாவது படத்தில் மணலோடு சேர்ந்து கலந்துபோயிருக்கும் முந்திரி இலைகள். கருப்பு வெள்ளைக்கு மாற்றும் வழக்கமான கணக்கில் சிவப்புக்கு 30, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 சதவீதம் பங்கு. மணலின் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் (0 முதல் 255 வரையிலான கணக்கில்) 180, 90, 50 என்றும் இலையில் அதே வரிசையில் 90, 130, 50 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் மணல் 113, இலை 109. கண்ணுக்குச் சண்டை போடுகிற இரண்டு நிறமும் ஒரே சாம்பலாகிவிட்டது! லைட்ரூமிலோ படம் திருத்துகிற வேறு மென்பொருளிலோ ஆரஞ்சு ஸ்லைடரைக் கொஞ்சம் ஏற்றி, பச்சையைக் கொஞ்சம் இறக்கினால் பிரிந்துவிடும். ரொம்ப இழுக்காதீர்கள், விளிம்புகளில் வெள்ளைக் கோடு தெரிய ஆரம்பிக்கும்.

கேமராவிலேயே மோனோக்ரோம் வைத்து எடுக்கலாமா?

தாராளமாக, ஆனால் ரா ஃபைலில், அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைலில். திரையில் கருப்பு வெள்ளையாகத் தெரியும், ஃபைலுக்குள் கலர் பத்திரமாக இருக்கும். வெறும் ஜேபெக் என்றால் கலர் போனது போனதுதான்.

கலரில் சரியாக வராத படத்தைக் கருப்பு வெள்ளையாக்கித் தப்பிக்கலாம் என்கிறார்களே?

நானும் தப்பிக்கப் பார்த்தவன்தான். பிச்சாவரத்தில் சுரபுன்னை வேர்களை ஒரு நாள் முழுக்க எடுத்துவிட்டு வந்தேன், வீட்டில் பார்த்தால் எல்லாம் சேற்று நிறம். சரி, கருப்பு வெள்ளை ஆக்கிக் கான்ட்ராஸ்டை ஏற்றியதும் பார்க்க கம்பீரமாக இருந்தது, பெரிதாகப் பிரின்ட் போட்டு நண்பர்கள் நடத்திய சின்னக் கண்காட்சியில் மாட்டினேன். முப்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, “தம்பி, இதுல நான் எங்க பார்க்கணும்?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. வேர்கள் எல்லாப் பக்கமும் ஓடின, கண் நிற்க ஓர் இடம் கூடக் கிடையாது. கலரில் இருந்த அதே குறைதான், கான்ட்ராஸ்ட் அதை இன்னும் சத்தமாகச் சொன்னது.

ஒரே ஒரு விதிவிலக்கு தருகிறேன். கோடும் வடிவமும் நன்றாக இருந்து, நிறம் மட்டும் குறுக்கே வந்தால் (பாறை மடிப்புகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் இலை மாட்டிக்கொண்டு கண்ணை இழுக்கிறது என்றால்) மாற்றுங்கள்.

வாழையிலை நரம்பை வெயிலுக்கு எதிராகப் பிடித்து எடுக்கிறேன். போலரைசர் (பளபளப்பையும் பிரதிபலிப்பையும் குறைக்கும் ஃபில்டர்) வேண்டுமா? கலர்தானே நல்லது?

கலர்தான், யோசிக்கவே வேண்டாம். இலைக்குள் புகுந்து வெளியே வருகிற அந்தப் பச்சைதான் படமே. பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது போலரைசருக்குப் பெரிய வேலை கிடையாது, ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிட்டுப் போகும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி, கூடினால் இரண்டு மடங்கு). மழைக்குப் பிறகு முன்வெளிச்சத்தில் பளபளக்கிற ஈர இலைக்குப் போடுங்கள், பளபளப்பு போய் நிறம் அடர்த்தியாகும். காற்றில் இலை ஆடுகிறது என்று எழுதியிருந்தீர்கள், துணி கிளிப்பால் ஒரு குச்சியோடு சேர்த்துப் பிடித்துவிடுங்கள்.

காய்ந்து சல்லடையாகிப்போன அரசிலை என்றால் கருப்பு வெள்ளைக்குப் போவேன். அதில் நிறம் சொல்ல ஒன்றுமில்லை, பின்னல்தான் எல்லாம். இங்கே மறுபடி வெஸ்டனைத்தான் இழுக்க வேண்டியிருக்கிறது. 1930-ல் ஒரு குடைமிளகாயை ஒரு தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். முறுக்கிய உடம்பு மாதிரி இருக்கும். அதையே கலரில் எடுத்திருந்தால் முதலில் நமக்குச் சமையலறைதான் ஞாபகம் வந்திருக்கும். நிறம் பொருளின் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது, அரூபத்துக்கு அது பல சமயம் தொந்தரவு.

ஊர்க் குளத்தில் காய்ந்த தாமரைத் தண்டுகளும் தண்ணீரில் தெரியும் அவற்றின் நிழலும். எப்படி எடுப்பது?

எனக்குப் பிடித்த விஷயத்தைக் கேட்டுவிட்டீர்கள். மேகமூட்டமான நாளில் போங்கள். காற்று எழும்புவதற்கு முன்னால், காலையில். வானம் முழுக்க வெள்ளையாக இருந்தால் தண்ணீரும் வெள்ளையாக இருக்கும். எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டினால் தண்ணீர் காகிதமாகிவிடும், மடிந்த தண்டும் அதன் பிரதிபலிப்பும் சேர்ந்து வட்டெழுத்து மாதிரி நிற்கும். கரையையும் வானத்தையும் சட்டத்துக்குள் விடாதீர்கள். இது கருப்பு வெள்ளைக்கென்றே பிறந்த காட்சி. போலரைசர் மாட்டியிருந்தால் முதலில் கழற்றுங்கள், இங்கே பிரதிபலிப்பு போனால் பாதி எழுத்து போய்விடும். அதே குளத்துக்குச் சாயங்காலம் போனால் தண்ணீர் ஆரஞ்சாகிவிடும், அப்போது கலரில் எடுங்கள், இரண்டே நிறம்தான் இருக்கும், அது போதும்.

வெறும் மேகத்தை மட்டும் எடுத்தால் அது படமா?

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1920-களில் தொடங்கிப் பல வருடம் அதைத்தான் எடுத்தார், கருப்பு வெள்ளையில். நிறைய படங்களில் மரமோ கூரையோ எதுவும் கிடையாது, அதனால் எது மேல், எது கீழ் என்றே சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழை வரும் சமயத்தில் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள், ஐப்பசி மேகம் எதற்கும் குறைந்ததில்லை. நீல ஸ்லைடரை இறக்கினால் வானம் கறுக்கும்.

கருப்பு வெள்ளைப் படத்தை லேபில் பிரின்ட் போட்டால் லேசாகப் பச்சை அடிக்கிறது.

கலர் பேப்பரில் போட்டால் அப்படி வர வாய்ப்பு உண்டு, சில சமயம் ஊதாவும் அடிக்கும். பெரிய அளவுக்குப் போகும் முன் அதே லேபில், அதே பேப்பரில் ஒரு சின்னப் பிரின்ட் போட்டு, கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள்.