அவரைப் பேசவைக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

புதிதாக வந்திறங்கிய ஓர் அகதிக் குடும்பத்துக்கு எங்கள் தன்னார்வக் குழு உதவிவருகிறது. புகலிடக் கோரிக்கை இன்னும் முடிவாகவில்லை. குடும்பத் தலைவர் பகலெல்லாம் படுத்தே கிடக்கிறார். மொழி வகுப்புக்கும் போவதில்லை. நடந்ததை மனம்விட்டுச் சொன்னால் பாரம் குறையும் என்று வற்புறுத்தியும் வாய் திறக்கவில்லை. இவ்வளவு செய்தும் எங்களோடு ஒட்டவில்லையே என்று வருத்தமாக உள்ளது. அவரை எப்படிப் பேசவைப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் பரிவில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உயிர் தப்பி வந்தவர் உங்களுக்கு எந்த நன்றிக்கடனும் பட்டவரல்லர். அந்தக் கணக்கை இன்றோடு மூடிவிடுங்கள். வகுப்பைப் பற்றியும் கவலை வேண்டாம். இரவில் உறங்க முடியாதவருக்குப் புதிய மொழி மண்டையில் ஏறாது.

வற்புறுத்துவதை உடனே நிறுத்துங்கள். உலக சுகாதார நிறுவனம் பங்கேற்று 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடே, நடந்ததைச் சொல்லும்படி யாரையும் நெருக்கக் கூடாது என்கிறது. அதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள்: அவருடைய கோரிக்கை முடிவாகவில்லை. அப்படியானால் தம் கதையைச் சொல்வது அவருக்கு ஆறுதல் அல்ல, உயிரைப் பணயம் வைத்து எழுதும் பரீட்சை.

பல ஆண்டுகளுக்கு முன் புகலிடம் கோருவோரை அதிகாரிகள் விசாரிக்கும் நேர்காணல்களில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். தம் அண்ணனை மாலையில் இழுத்துச் சென்றார்கள் என்று முதல்முறை சொன்ன ஒருவர், அடுத்த முறை விடிகாலை என்றார். அதிகாரி இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, இரு நேரங்களின் கீழும் கோடிட்டார். அதன்பின் கேட்ட எல்லாவற்றுக்கும் அந்த மனிதர், மேசை விளிம்பை இறுகப் பற்றியபடி, நினைவில்லை என்று மட்டுமே சொன்னார்.

முரண் என்றால் பொய் என்று முடிவுகட்டுவது அறியாமை. அதிகாரம் உள்ளவரிடம் அது கொடுமையாகிவிடுகிறது. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், கொசோவோ, பொஸ்னிய அகதிகளிடம் ஒரே நிகழ்வைப் பற்றி இருமுறை கேட்டார்கள். தங்கும் அனுமதி ஏற்கெனவே கிடைத்துவிட்ட அவர்களுக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. ஆயினும் விவரங்கள் மாறின. மனவடு கடுமையாக இருந்தவர்களிடம், இரு நேர்காணல்களுக்கு இடையே காலம் நீள நீள முரண்களும் கூடின. காயம்பட்ட நினைவு அப்படித்தான் இருக்கும். அதைத் தேதிவாரியாக ஒப்பிக்கச் சொல்லிவிட்டு, தடுமாறியவரைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

ஆகவே அவருக்கு வழக்கறிஞர் இருக்கிறாரா, மனநல மருத்துவரின் அறிக்கை கோப்பில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாழ்வதில் பயனில்லை என்ற பேச்சு எழுந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அங்கே மொழிபெயர்க்க அவருடைய பிள்ளைகளை உட்காரவைக்காதீர்கள்.