லிங்கனும் மன்றோ கோட்டைக்கு வந்த மூவரும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்தவர் லிங்கன் என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால், ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடிந்தால் அதையே செய்வேன் என்று லிங்கனே எழுதியிருப்பதாக நண்பர் ஒருவர் சொல்கிறார். அப்படியென்றால் அவருக்குக் கொடுக்கும் பெருமை பொய்யா?

ம.

அன்புள்ள ம.,

நண்பர் சொன்ன வரி உண்மைதான். 1862 ஆகஸ்ட் 22 அன்று பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு லிங்கன் எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. ஆனால் தேதியைப் பாருங்கள். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பே, ஜூலை 22 அன்று, கலகம் செய்யும் பகுதிகளின் அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சரவையில் வாசித்துவிட்டார். உள்நாட்டுப் போரின் தோல்விகளுக்கு நடுவே வெளியிட்டால் வேறு வழியில்லாமல் செய்ததாகத் தோன்றும், ஒரு வெற்றி வரட்டும் என்றார் வெளியுறவு அமைச்சர் சீவர்ட். அந்தக் காத்திருப்பின்போது எழுதிய கடிதம் அது. அதை மட்டும் பிய்த்தெடுத்துப் படித்தால் ஆளைத் தவறாகவே எடைபோடுவோம்.

ஆனால் லிங்கனிலிருந்து தொடங்குவதே பிழை என்பேன். 1861 மே 23 இரவுக்குப் போக வேண்டும். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் வர்ஜீனியாவில், ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோன தென்தரப்பின் படைக்காகப் பீரங்கி மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். படகில் ஏறி, ஒன்றியத்தைக் காக்கப் போரிட்ட வடதரப்பின் கையிலிருந்த மன்றோ கோட்டையில் அடைக்கலம் கேட்டார்கள். அவர்களுடைய உடைமையாளர் கர்னல் மல்லோரியின் சார்பில் ஒரு மேஜர் வெள்ளைக்கொடியுடன் வந்து, 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி ஆட்களைத் திருப்பித் தரச் சொன்னார்.

கோட்டையின் தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலால் வழக்கறிஞர். வர்ஜீனியா தனி நாடு என்று நீங்களே அறிவித்துவிட்டீர்கள், அயல்நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். எதிரி போருக்குப் பயன்படுத்தும் சொத்தைக் கைப்பற்றலாம்; நீங்கள் இவர்களைச் சொத்து என்கிறீர்கள், ஆகவே கைப்பற்றுகிறேன் என்றார். மனிதரைப் பொருளாகவே வைத்துப் பேசிய வாதம் இது. அது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் கதவு திறந்தது. செய்தி பரவி, சில வாரங்களில் நூற்றுக்கணக்கானோர் குடும்பம் குடும்பமாக அங்கே வந்து சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முதல் பறிமுதல் சட்டத்தை இயற்றி பட்லரின் வழிக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. லிங்கனின் பிரகடனம் வருவதற்கு இன்னும் 17 மாதங்கள் இருந்தன.

1863 ஜனவரி 1 பிரகடனத்தில் பலர் படிக்காமல் தாண்டும் பகுதி விலக்குப் பட்டியல். அடிமை முறை இருந்தும் ஒன்றியத்திலேயே இருந்த கென்டக்கி, மேரிலாந்து, டெலவேர், மிசௌரி பிரகடனத்துக்குள் வரவில்லை. வர்ஜீனியாவில் விலக்கப்பட்டவற்றில் எலிசபெத் சிட்டி மாவட்டமும் ஒன்று. மன்றோ கோட்டை இருந்ததே அங்குதான். இதற்குக் காரணம் மனமின்மை அல்ல. மாநிலங்களுக்குள் இருந்த அடிமை முறையில் கைவைக்க அரசியலமைப்பு குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் தரவில்லை. படைத்தலைவர் என்ற முறையில், கலகம் செய்யும் பகுதிகளில் மட்டும், போர் நடவடிக்கையாகத்தான் அவரால் ஆணையிட முடிந்தது.

அதே பிரகடனம் கறுப்பினத்தவருக்குப் படையின் கதவையும் திறந்தது. சுமார் 1,80,000 பேர் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10, அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1863 ஆகஸ்டில் வெள்ளை மாளிகைக்கே போய் லிங்கனிடம் இதைக் கேட்டார். உடனே பலன் கிடைக்கவில்லை. 54ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவினர் குறைந்த சம்பளத்தைக் கையில் வாங்கவே மறுத்துப் போரிட்டார்கள். 1864 ஜூனில்தான் காங்கிரஸ் சம ஊதியத்துக்குச் சட்டம் போட்டது.

போர் முடிந்ததும் நீதிமன்றம் பிரகடனத்தைச் செல்லாததாக்கிவிடலாம் என்ற அச்சம் லிங்கனுக்கு இருந்தது. அதனால்தான் அடிமை முறையை நாடு முழுவதும் ஒழிக்கும், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம். 1864இல் பிரதிநிதிகள் சபையில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் அது தோற்றது. தேர்தலில் வென்ற லிங்கன் புதிய சபை கூடும்வரை காத்திருக்கவில்லை. பழைய சபையிலேயே எதிர்க்கட்சி உறுப்பினர்களைத் தனித்தனியாக வளைத்தார். 1865 ஜனவரி 31 அன்று 119க்கு 56 என்ற கணக்கில் நிறைவேறியது. அவருக்குரிய பெருமையை நான் இங்கேதான் வைப்பேன். மாநிலங்களின் ஒப்புதல் டிசம்பர் 6 அன்று முழுமையானபோது அவர் உயிருடன் இல்லை. கென்டக்கியிலும் டெலவேரிலும் அன்றுவரை அடிமை முறை சட்டப்படி நடப்பில் இருந்தது.