டோஸ் மாற்றியாச்சு, ரிப்போர்ட் ஏன் குழப்புகிறது?

கேள்வி: தைராய்டு டெஸ்ட்டில் டி.எஸ்.ஹெச். 11.2 இருந்ததால் தைராய்டு மாத்திரையை 50 மைக்ரோகிராமிலிருந்து 75க்கு ஏற்றினார்கள். மனசு கேட்காமல் பதினைந்தாம் நாளே நானாகப் போய் ரத்தம் கொடுத்தேன். 7.9 வந்திருக்கிறது. இன்னும் ஏற்ற வேண்டுமா?

வேண்டாம். அந்த ரிப்போர்ட்டை மடித்து வையுங்கள். நீங்கள் போடும் தைராய்டு மாத்திரையான லெவோதைராக்ஸின் நிதானமான மருந்து. உள்ளே போனதில் பாதி கழியவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அதனால் புது டோஸுக்கு ஏற்றபடி ரத்தத்தில் அளவு நிலைக்கு வர ஐந்தாறு வாரம் பிடிக்கும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதைப் பார்த்துத்தான், தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தான் அனுப்பும் டி.எஸ்.ஹெச்.சைக் குறைக்கும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து வரச் சொல்வது இதற்காகத்தான். அரைத்து வைத்த இட்லி மாவை அரை மணிக்கொரு தரம் திறந்து பார்த்து, புளிக்கவில்லையே என்று கவலைப்பட்டால் எப்படி? இந்த 7.9ஐ நம்பி 100க்குத் தாவினால், இரண்டு மாதம் கழித்துப் படபடப்பும் தூக்கமின்மையுமாக வந்து நிற்க நேரிடலாம்.

கேள்வி: எனக்கு டி.எஸ்.ஹெச். 0.08 என்று குறைவாக வந்திருக்கிறது. மாத்திரையைக் கூட்டாமல் டாக்டர் குறைத்துவிட்டாரே?

சரியாகத்தான் செய்திருக்கிறார். டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டு ஹார்மோன் அல்ல. "இன்னும் சுர" என்று தைராய்டை விரட்டும் கட்டளை. ஹார்மோன் போதாவிட்டால் கட்டளை கூடும், மிஞ்சினால் அடங்கிவிடும். உங்களுக்கு மாத்திரை மிஞ்சிப்போயிருக்கிறது.

கேள்வி: டெஸ்ட் அன்று காலையில் மாத்திரை போடலாமா?

ரத்தம் கொடுத்துவிட்டுப் போடுங்கள். மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு, ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 சற்று உயர்ந்து காட்டும், டி.எஸ்.ஹெச். அசையாது. அதைவிட முக்கியம், ஒவ்வொரு முறையும் ஒரே லேப், ஏறக்குறைய ஒரே நேரம். டி.எஸ்.ஹெச். இரவிலும் விடியற்காலையிலும் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். போன முறை 3.1, இந்த முறை 3.6 என்றெல்லாம் கவலைப்படாதீர்கள். அப்புறம், முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சில லேப் முறைகளில் அது டி.எஸ்.ஹெச்.சைப் பொய்யாகக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் காட்டும். டெஸ்ட்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுவது நல்லது.

கேள்வி: ஒரு வருஷமாக அதே 100தான். ஒரு நாளும் தவறவில்லை. ஆனால் 2.8 இருந்தது 6.4 ஆகிவிட்டது. டோஸை ஏற்றுவார்களா?

ஏற்றும் முன் ஒன்று கேட்கிறேன்: எதோடு சாப்பிடுகிறீர்கள்? இதே புகாரோடு வந்த ஒரு அம்மா, கைப்பையிலிருந்து சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். தைராய்டு மாத்திரையும் புதிதாகத் தந்த இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் ஒன்றாகக் கிடந்தன. "மறந்துடக் கூடாதுன்னு மூணையும் சேர்த்துக் காபியோட போட்டுடுவேன் டாக்டர்" என்றார். மறக்கத்தான் இல்லை! ஆனால் இரும்பும் கால்சியமும் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். காபியும் உறிஞ்சுவதைக் குறைக்கும். நான் டோஸைத் தொடவில்லை. விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி, மற்ற இரண்டும் நாலு மணி நேரம் தள்ளி என்று மட்டும் மாற்றினேன். ஏழாவது வாரம் பழைய அளவுக்கே வந்துவிட்டது. அல்சருக்குத் தினமும் போடும் மாத்திரைகளும் இப்படிச் செய்வதுண்டு. அதையும் பாருங்கள்.

கேள்வி: டோஸ் மாற்றி மூன்று வாரம்தான் ஆகிறது. நாள் தள்ளிப்போய்ப் பார்த்ததில் கர்ப்பம் உறுதியாகிவிட்டது. ஆறு வாரம் வரை காத்திருக்கவா?

காத்திருக்காதீர்கள். உங்களுக்கு அந்தக் கணக்கு செல்லாது. மாத்திரையில் இருக்கும் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தில் தேவை கூடும். முதல் சில மாதங்களில் குழந்தை உங்கள் ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பாதிக் கர்ப்பகாலம் வரை நாலு வாரத்துக்கு ஒரு தரம் ரத்தம் பார்ப்பார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.