கப்பல் சுற்றுலா புறப்படும் துறைமுக நகரத்துக்கு எப்போது போய்ச் சேர வேண்டும்?

கேள்வி: வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு, பரபரப்பான துறைமுக நகரம் ஒன்றிலிருந்து ஏழு நாள் கப்பல் சுற்றுலாவுக்கு முதன்முறையாகச் செல்லவிருக்கிறோம். கப்பல் மாலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறது. அன்று காலை விமானத்தில் போய் இறங்கினால் போதுமா? வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

போதாது என்றே சொல்வேன். முந்தைய நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். விடுப்பு கிடைக்குமானால் இரண்டு நாள் முன்னதாகவே போங்கள். நானும் என் பெற்றோரை அழைத்துக்கொண்டு இருமுறை கப்பல் சுற்றுலா சென்றிருக்கிறேன். முதல் முறை, நீங்கள் நினைப்பதைப் போலவே, அன்று காலை இறங்கும் விமானத்தில்தான் பயணச்சீட்டு எடுத்தேன். விமானம் மூன்று மணி நேரம் தாமதமாயிற்று. கப்பல் மாலை ஐந்து மணிக்குத்தானே என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் ஐந்து மணி என்பது கரையில் கட்டிய வடத்தை அவிழ்க்கும் நேரம். பயணிகள் பட்டியலை முடிக்க வேண்டியிருப்பதால், அதற்கு ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ முன்பாகவே பதிவு முகப்பை மூடிவிடுவார்கள். நாங்கள் போய் நின்றபோது முகப்பில் விளக்குகளை அணைக்கத் தொடங்கியிருந்தார்கள். கடவுச்சீட்டை நீட்டிய அம்மாவின் கை நடுங்கியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஏறிவிட்டோம் என்பது உண்மைதான். ஆனால் அத்தனை ஆண்டுகளாக அப்பா பார்க்க ஆசைப்பட்ட துறைமுகத்தை வாடகைக் காரின் கண்ணாடி வழியாகப் பத்து நிமிடம் பார்த்ததோடு சரி.

முன்னதாகப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விளம்பரத்தில் இருக்கும் நகரத்தின் பெயரும் கப்பல் உண்மையில் நிற்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ரோம் என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவித்தாவெக்கியாவில். லண்டன் என்றால் பெரும்பாலும் சவுத்தாம்ப்டனில். பாங்காக் என்றால் பல நேரங்களில் லேம் சாபாங்கில். பின்னவை இரண்டும் நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கின்றன. வெனிஸில் 2021 ஆகஸ்ட் 1 முதல் பெரிய கப்பல்கள் நகரின் நடுவே செல்லும் கால்வாய்க்குள் நுழையத் தடை இருப்பதால், வெனிஸ் என்று விற்கப்படும் பயணங்களில் சில, நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ராவென்னாவிலிருந்து புறப்படுகின்றன. ஊரும் துறையும் ஒன்றாகவே அமைந்த இடங்களிலும் எந்த முனையம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிட்னியில் ஓபரா ஹவுஸுக்கு எதிரே சர்க்குலர் கீயில் ஒரு முனையமும், துறைமுகப் பாலத்துக்கு மேற்கே வொயிட் பேயில் இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூரிலும் மரீனா பேயில் ஒன்று, ஹார்பர்ஃபிரண்டில் ஒன்று என இரண்டு. வாடகைக் கார் ஓட்டுநரிடம் வெறுமனே "கப்பல் துறைக்குப் போங்கள்" என்று சொன்னால் அவர் எங்கே கொண்டுபோய் இறக்குவார் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

இரண்டாம் முறை இரண்டு நாள் முன்னதாகவே போனோம். அந்த இரண்டு நாளைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் பலரும் இதைப் பயணத்தில் சேராத, வீணாகத் தங்கும் செலவாக நினைக்கிறார்கள். எங்களுக்கு அதுவே பயணத்தின் சிறந்த பகுதியாக அமைந்தது. தண்ணீர்க் கரையை ஒட்டிய எளிய விடுதி ஒன்றில் தங்கி, முதல் நாள் முழுவதும் பயணிகள் படகுகள் வந்துபோவதையும், பழைய கிடங்குகள் இருந்த தெருக்களையும், மாலுமிகள் கூடும் கடைகளையும் நடந்து நடந்து பார்த்தோம். கப்பல் ஏறும் நாள் விடியற்காலையில் எங்கள் கப்பல் உள்ளே வருவதைப் பார்க்க அப்பா எங்களை நான்கரை மணிக்கே எழுப்பிவிட்டார். கிழக்கு வெளுப்பதற்கு முன்பே, இரண்டு இழுவைப் படகுகள் உடன்வர, விளக்கு எரியும் மாடிக்கட்டடம் ஒன்று ஓசையில்லாமல் நகர்ந்து வந்தது. கப்பலிலிருந்து முதலில் விழுவது பெரிய வடம் அல்ல. நுனியில் கனமான முடிச்சுள்ள மெல்லிய கயிறு ஒன்றை வீசுகிறார்கள். கரையிலிருப்பவர் அதைப் பிடித்து இழுக்க, அதன் பின்னே கை பருமனுள்ள வடம் தண்ணீரிலிருந்து சொட்டச் சொட்ட வந்து, கரையிலுள்ள குட்டையான இரும்புத் தூணில் மாட்டப்படுகிறது. அணியத்திலிருந்து (முன்பகுதி) சில, அமரத்திலிருந்து (பின்பகுதி) சில, கப்பல் முன்னும் பின்னும் அசையாதிருக்கக் குறுக்காகச் சில என்று கட்டி முடித்தபோது அப்பா எண்ணியே வைத்திருந்தார். "எண்ணிப் பாருப்பா, பன்னிரண்டு வடம்" என்றார்.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு வியப்பாக இருந்தது. காலையில் ஆயிரக்கணக்கானோர் இறங்குகிறார்கள். மாலைக்குள் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். இடையிலுள்ள சில மணி நேரத்தில் எல்லா அறைகளையும் துப்புரவு செய்து, படுக்கை விரிப்புகளை மாற்றி, ஒரு வாரத்துக்கான காய்கறியையும் முட்டையையும் மாவையும் பலகைத் தட்டுகளில் அடுக்கித் தூக்கு வண்டிகளால் கப்பலின் வயிற்றுக்குள் ஏற்றுகிறார்கள். மறுபுறம் எண்ணெய்ப் படகு ஒன்று ஒட்டி நின்று எரிபொருளை நிரப்புகிறது. நாம் படுத்து உறங்கப்போகும் இடத்துக்காக எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்பதை நேரில் பார்த்த பிறகு, கட்டணத்தோடு நாள்தோறும் சேர்க்கப்படும் பணியாளர் சேவைத் தொகையை நீக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தொகை உங்கள் பயணச்சீட்டில் ஏற்கெனவே அடங்கியிருக்கிறதா, இறுதியில் தனியாக வருமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறியதும் முதல் வேலை அவசரகாலப் பயிற்சி. எந்த இடத்தில் கூட வேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படி அணிய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். இதைத் தொல்லையாக நினைத்து அறையில் தங்கிவிடாதீர்கள். முன்பெல்லாம் புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் இதை நடத்தினால் போதும் என்றே விதி இருந்தது. 2012 ஜனவரி 13 அன்று இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தனர். அன்று மாலை ஏறியவர்களுக்குப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதன்பிறகே, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று பன்னாட்டு விதி திருத்தப்பட்டு, 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் அம்மாவையும் அப்பாவையும் கூடும் இடம்வரை ஒருமுறை மின்தூக்கி இல்லாமல் படிக்கட்டு வழியாகவே நடத்திக் கூட்டிச் செல்லுங்கள்; அவசரத்தின்போது மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. நடக்க இயலாதவர் என்றால் அதைப் பதிவின்போதே தெரிவித்துவிட வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் விருந்துக் கூடத்துக்கு ஓடாமல் மேல்தளத்துக்குப் போங்கள். சாப்பாடு பிறகும் கிடைக்கும். நகரம் விலகுவது ஒருமுறைதான். வடங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து தண்ணீரில் விழும்; கப்பலுக்கும் கரைக்கும் இடையே முதலில் ஒரு முழம், பிறகு ஓர் ஆள் உயரம், பிறகு ஒரு தெரு அகலம் என்று நீர் விரியும். துறைமுக வாயிலைத் தாண்டியபின் ஒரு சிறு படகு வேகமாக வந்து கப்பலோடு ஒட்டிக்கொள்ளும். துறைமுகத்தின் நீரோட்டமும் ஆழமும் அறிந்த பைலட் அதுவரை கப்பல் தலைவரின் பக்கத்தில் நின்று வழிசொல்லியிருப்பார். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியில் இறங்கி அந்தப் படகுக்குத் தாவுவார். பெரும்பாலான பயணிகள் இதைப் பார்ப்பதே இல்லை. படகு எந்தப் பக்கம் வரும் என்று பணியாளர் எவரையாவது கேட்டால் சொல்லிவிடுவார்.

அறையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சொல். கப்பலின் நீளத்தில் நடுவிலும், உயரத்தில் கீழ்த்தளங்களிலும் உள்ள அறைகளே ஆட்டம் குறைந்தவை. பக்கவாட்டில் துடுப்புப்போல் நீளும் நிலைப்படுத்திகள் பக்கத்துக்குப் பக்கம் சாய்வதைக் குறைக்கின்றன. அணியம் எழுந்து தாழ்வதை அவை தடுப்பதில்லை. முதல் பயணத்தில் காட்சி நன்றாக இருக்கும் என்று அணியத்துக்கு அருகே, உயரத்தில் அறை எடுத்தேன். மூன்றாம் நாள் இரவு அம்மாவால் தலை தூக்க முடியவில்லை. குமட்டல் மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பின் விழுங்குவதால் பயன் குறைவு. முன்பே விழுங்க வேண்டும். வயதானவர்கள் வேறு மாத்திரைகளும் எடுத்துக்கொள்வதால் மருத்துவரைக் கேட்டே வாங்குங்கள். உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் அறைகளே இருக்குமாறு தளப்படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நடனக் கூடத்துக்குக் கீழ் அறை எடுத்தவர்கள் உறக்கம் இழக்கிறார்கள். நகரம் தெரியும் பக்கம் என்று பால்கனிக்குக் கூடுதலாகச் செலவிட வேண்டாம், ஏனெனில் கப்பலை எந்தப் பக்கம் ஒட்டி நிறுத்துவார்கள் என்பதை முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது.

விசாவில் ஏமாந்துவிடாதீர்கள். ஒரு நாட்டிலிருந்து கப்பல் ஏறி, இடையில் வேறு நாட்டில் இறங்கி, மீண்டும் முதல் நாட்டுக்கே திரும்பி வந்தால், அது பெரும்பாலும் அந்த நாட்டை விட்டு வெளியேறி மறுபடி நுழைவதாகவே கணக்காகும். ஒற்றை நுழைவு விசா வைத்திருப்பவர் இதில் மாட்டிக்கொள்ளலாம்; பலமுறை நுழையும் விசா தேவைப்படலாம். கடவுச்சீட்டும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் நிலையில் இருக்கட்டும். பயணக் காப்பீட்டில் கடலிலிருந்து மருத்துவமனைக்குத் தூக்கிச்செல்லும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று வரி விடாமல் படியுங்கள்.

இடைப்பட்ட துறைமுகங்களில் இரண்டு விஷயம் முக்கியம். கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் வேறுபடலாம். திரும்பி வரவேண்டிய நேரம் கப்பலின் நேரமே. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தாமாகப் போனவர்களுக்காகக் காத்திருக்கும் கடமை கப்பலுக்கு இல்லை. அடுத்தது, சில இடங்களில் கப்பல் கரையை ஒட்டாமல் கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆளேற்றிச் செல்லும். அலையில் எழுந்து தாழும் படகில் கால் வைத்து ஏற வேண்டும் என்பதால் முழங்கால் வலியுள்ளவர்களுக்கு அது கடினம். சக்கர நாற்காலியில் இருப்பவர்களை ஏற்றாமலும் போகலாம். பெற்றோர் உடன் வருவதால், கப்பல் நேரடியாகக் கரையை ஒட்டும் துறைமுகங்களே நிறைந்த வழித்தடத்தைப் பாருங்கள். துறைமுகங்களின் எண்ணிக்கைக்கு மயங்காதீர்கள். கப்பல் மணிக்கு இருபது கடல் மைல், அதாவது ஏறத்தாழ 37 கிலோமீட்டர் வேகத்தில், பெரும்பாலும் இரவில்தான் ஓடுகிறது. நாள்தோறும் ஒரு துறைமுகம் என்றால் நாள்தோறும் விடியலில் எழுந்து வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். நடுவில் கடலிலேயே கழியும் ஒன்றிரண்டு நாள்கள் வயதானவர்களுக்கு மிகவும் தேவை.

சில்லறைச் செய்திகள்: கைபேசியைப் பறக்கும் பயன்முறையில் வைத்துவிடுங்கள், நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைக் கைபேசி தானாகப் பிடித்தால் பெரும் கட்டணம் வரும். நோரோ வைரஸ் போன்ற வயிற்றுக் கிருமிகளுக்குக் கையில் தேய்க்கும் மதுசாரத் திரவம் போதாது, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுவதே காப்பு. துணிதேய்க்கும் பெட்டியைத் தீ அச்சம் காரணமாக எடுத்துவிடுவார்கள். ஏறும் நாளில் பெட்டிகள் அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும் என்பதால் மாத்திரைகளும் மாற்றுடை ஒன்றும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

திரும்பும் நாளுக்கான விமானத்தை நண்பகலுக்குப் பிறகே எடுங்கள். குடியேற்றச் சோதனையில் எல்லோரும் ஒரே நேரத்தில் நிற்பார்கள். கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிட்டால் பணியாளர்கள் கரையில் இறக்கித் தருவார்கள். எங்கள் இரண்டாம் பயணத்தின் கடைசி இரவு, மாத்திரைப் பெட்டியையும் சேர்த்து அப்பா உள்ளே அடுக்கிவிட்டார்; வாசலில் வைத்த பெட்டியை அம்மாதான் நினைவு வந்து திறந்து எடுத்தார். மறுநாள் விடியலில் மூவரும் மேல்தளத்தில் நின்றோம். அன்று கரையிலிருந்து பார்த்த துறைமுகம் இப்போது கடலிலிருந்து விளக்கு விளக்காகத் திறந்துகொண்டு வந்தது. அப்பா சட்டைப் பையில் மாத்திரைப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு விரலை நீட்டி, முதல் வடம் எந்தத் தூணில் விழப்போகிறது என்று அம்மாவுக்குக் காட்டினார்.