ரத்து செய்த பிறகும் பின்னணி வேலை ஏன் நிற்பதில்லை?

ஆண்ட்ராய்டு செயலியில் ஓடிக்கொண்டிருக்கும் அப்லோடு வேலையை வொர்க்மேனேஜரில் (பின்னணி வேலைகளை வரிசைப்படுத்தி நடத்தும் ஆண்ட்ராய்டு லைப்ரரி) ரத்து செய்தாயிற்று, நிலையும் ‘கேன்சல்ட்’ என்றே காட்டுகிறது, ஆனாலும் படங்கள் சர்வருக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. ஏன் என்பது கேள்வி.

வொர்க்மேனேஜரின் டேட்டாபேஸில் இருக்கும் குறிப்பு மாறியது, நிற்கச் சொல்லும் சிக்னலும் போனது, அவ்வளவுதான். உங்கள் த்ரெட்டை (வேலை ஓடும் இழை) யாரும் கொல்லவில்லை, கொல்லவும் மாட்டார்கள். த்ரெட்டை வெளியிலிருந்து வெட்டி நிறுத்துவது ஆபத்து என்று 1998-இல் ஜாவா 1.2 வந்தபோதே அந்த வசதியைத் தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள். ரத்து என்பது ‘போதும், நிறுத்து’ என்ற கோரிக்கை. அதைக் காதில் வாங்க வேண்டியது நீங்கள் எழுதிய புரோகிராம் கோடு.

சாதாரண வொர்க்கர் (வேலையைச் செய்யும் கிளாஸ்) என்றால் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால், நிற்கச் சொல்லியாயிற்றா என்று காட்டும் ‘இஸ்ஸ்டாப்ட்’ பாருங்கள். பெரிய ஃபைல் பாதியில் இருந்தால் அது போதாது. நிறுத்தும்போது அழைக்கப்படும் ‘ஆன்ஸ்டாப்ட்’ உள்ளே, படத்தை அனுப்பும் ஓக்கேஹெச்டிடிபி (நெட்வொர்க் லைப்ரரி) அழைப்பையும் கேன்சல் செய்யுங்கள். கோரூட்டீன் (இடையில் நின்று தொடரக்கூடிய கோட்லின் வேலை) வொர்க்கரில் பலரும் மாட்டுவது ஒரே இடத்தில்: எல்லா எக்செப்ஷனையும் (பிழை அறிவிப்பு) பிடிக்கும் கேட்ச். ரத்தைச் சொல்ல வரும் ‘கேன்சலேஷன் எக்செப்ஷன்’ அதற்குள் விழுந்து மறைந்துவிடும், லூப் அடுத்த படத்துக்குப் போய்விடும். அதை மட்டும் திரும்ப த்ரோ செய்யுங்கள். சஸ்பெண்ட் ஆகாத (இடையில் நிற்காத) நீளமான லூப்பில், ரத்தாகிவிட்டதா என்று பார்க்கும் ‘என்ஷ்யூர்ஆக்டிவ்’ வேண்டும்.

சேலத்திலிருந்து ஏற்காடு காபித் தோட்டங்களுக்காக ஒரு செயலி செய்கிறோம். மேஸ்திரி பழ மூட்டையின் எடையைப் படமெடுத்து அனுப்புவார். மேலே சிக்னல் சரியில்லாவிட்டால் படங்கள் தேங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கும்போது விட்டுவிட்டுப் போகும். இங்கே ரத்து செய்யாமலே வேலை நிற்கும்: நெட்வொர்க் நிபந்தனை போனாலும், ஒரு ஓட்டத்துக்கான 10 நிமிட வரம்பு தாண்டினாலும் சிஸ்டமே நிறுத்தி, பிறகு மறுபடி தொடங்கும். அப்போதும் அதே ‘இஸ்ஸ்டாப்ட்’தான். ஆண்ட்ராய்டு 12-இலும் அதற்கு மேலும், வொர்க்மேனேஜர் 2.9 முதல், நின்ற காரணத்தையும் கேட்டுக்கொள்ளலாம். பாதியில் நின்றது திரும்ப வரும் என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் தனி ஐடி கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரே மூட்டைக்கு இரண்டு எடை விழும், கூலி நாளன்று சண்டைதான்.

ஒரே போனை இரண்டு மேஸ்திரிகள் பயன்படுத்தினால் இன்னொரு சிக்கல். முதல் ஆள் லாக்அவுட் செய்ததும் ரத்து அழைக்கிறோம், சரி. ஆனால் அந்த அழைப்பு முடிந்துவிட்டது என்பதற்கு வொர்க்கர் ஓய்ந்துவிட்டது என்று பொருள் இல்லை. அந்த இடைவெளியில் ஒரு படம் அடுத்த ஆள் கணக்கில் ஏறிவிடலாம். அதனால் வேலையை வரிசையில் போடும்போதே யூசர் ஐடியை இன்புட் டேட்டாவில் வைத்துவிடுங்கள்; அனுப்பும் முன் இப்போதைய யூசரோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் அனுப்பாதீர்கள். டோக்கனை (லாகின் சாவி) அதில் வைக்க வேண்டாம், அது டேட்டாபேஸில் தங்கும். தரவு கலக்காமல் காக்கும் பொறுப்பை ரத்து அழைப்பிடம் ஒப்படைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அது பேட்டரியையும் டேட்டாவையும் மிச்சம் பிடிக்கத்தான்.

அப்புறம், மிச்சம் மீதியைச் சுத்தம் செய்யும் வேலையை இதே செயினில் (ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த வேலைகள்) பின்னால் கோக்காதீர்கள். முன்னது ரத்தானால் அதைச் சார்ந்த பின்னதும் சேர்ந்தே ரத்தாகும்.

ஐபோனிலும் இதே செயலி இருந்தால்: அங்கே பின்னணி வேலைகளை நடத்தும் பிஜிடாஸ்க் ஷெட்யூலரின் கேன்சல், காத்திருக்கும் கோரிக்கைகளை மட்டுமே நீக்கும். ஓடுவதை நீங்களே நிறுத்தி, முடிந்தது என்று ‘செட்டாஸ்க்கம்ப்ளீடட்’ மூலம் சொல்ல வேண்டும்.